கருவாடும் கருப்பட்டியும் இணையத்தில் விற்க: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் இப்போது தெருவுக்கு ஒருவராவது வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ எதையாவது விற்கிறார். நெத்திலிக் கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய், பனையோலைப் பெட்டி என்று பொருளுக்குக் குறைவில்லை. வாங்கவும் ஆள் இருக்கிறது. ஆனால் எந்தச் சான்றிதழை முதலில் வாங்குவது, எதற்கு எவ்வளவு செலவாகும், எத்தனை நாளில் கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லத்தான் ஆளில்லை. ஆளுக்கொரு பதில் கேட்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பலர் முதலில் பக்கம் திறந்து படம் போட்டு, ஆர்டர் குவிந்த பிறகு சான்றிதழ் தேடி ஓடுகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். காகித வேலை முடியும்வரை விளம்பரத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

1. பெயரும் முகவரியும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கட்டும்

எல்லாத் தாமதத்துக்கும் மூலம் இதுதான். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதாரில் ‘செ. முத்துலட்சுமி’ என்று இருக்கும். பான் அட்டையில் ‘முத்துலட்சுமி செல்வராஜ்’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. நமக்கு மூவரும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். சிறு தொழிலுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு நின்றுபோகும், ஜிஎஸ்டி விண்ணப்பத்தில் கேள்வி வரும், நடப்புக் கணக்கு தொடங்கும்போது வங்கி மேலாளர் திருப்பி அனுப்புவார்.

எனவே முதல் வாரத்தை இதற்கே ஒதுக்குங்கள். எந்த ஆவணத்தைத் திருத்துவது எளிது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அந்த வாய்ப்பை அவசரப்பட்டு வீணாக்க வேண்டாம். பான் திருத்தத்துக்கு நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும் கட்டணம்தான். பெரும்பாலோருக்கு ஆதாரை அப்படியே விட்டுவிட்டுப் பான் அட்டையை அதற்கேற்பத் திருத்துவதே நல்லது.

அடுத்தது முகவரி. கடற்கரைக் கிராமங்களில் பல வீடுகளின் மின் இணைப்பு இன்னும் காலமாகிவிட்ட தாத்தாவின் பெயரிலேயே ஓடுகிறது. தொழில் நடக்கும் இடத்துக்குச் சான்றாக அந்த மின் கட்டண ரசீதைக் கொடுத்தால், “இவர் யார், உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்பார்கள். வீட்டு வரி ரசீது உங்கள் பெயரிலோ, உயிரோடிருக்கும் பெற்றோர் பெயரிலோ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். பெற்றோர் பெயரில் இருந்தால், “இந்த வீட்டில் என் மகள் தொழில் நடத்த எனக்குச் சம்மதம்” என்று அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வேண்டும். எதுவுமே தாத்தா பெயரைத் தாண்டவில்லை என்றால் வாரிசுச் சான்றிதழை வைத்து மின் இணைப்பையும் வீட்டு வரியையும் முதலில் பெயர் மாற்றுங்கள். நாளாகும். ஆனாலும் எப்படியும் ஒருநாள் செய்தாக வேண்டிய வேலை அது.

2. எதை விற்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் கடற்கரையின் தென்பகுதி மன்னார் வளைகுடா. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா நம் வாசலில் இருக்கிறது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. காய்ந்ததா, உயிருள்ளதா, கரையில் தானாக ஒதுங்கியதா என்ற வேறுபாடு கிடையாது. சங்கு, சிப்பி வகைகளிலும் சில அதே பட்டியலில் இருக்கின்றன. குற்றம் உறுதியானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இணையத்தில் போட்ட படமே சாட்சியாகிவிடும். அழகுக்காகக் கருவாட்டுப் படத்தின் ஓரத்தில் பவளத் துண்டு வைத்து எடுக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

முண்டு மிளகாய் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நம் மிளகாய்தானே என்று அந்தக் குறியீட்டின் முத்திரையைப் பையில் அச்சடித்துவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கே அந்த உரிமை.

3. உணவுப் பாதுகாப்புப் பதிவு

வாயில் போடும் எதை விற்றாலும் இது கட்டாயம். வீட்டில் செய்து, வீட்டிலிருந்தே விற்றாலும் கட்டாயம். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு உரிமம் வேண்டாம், ‘பதிவு’ போதும் என்ற விதியில்தான் நான் பதிந்தேன். வரம்பை விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டலாம். ஐந்தாண்டுக்கே கட்டிவிடுங்கள் என்பது என் யோசனை.

விண்ணப்பம் முழுவதும் ஃபாஸ்காஸ் என்ற மத்திய அரசுத் தளத்தில்தான். தேவைப்படுவது புகைப்படமும் அடையாளச் சான்றும். தொழில் நடக்கும் இடம் அடையாளச் சான்றில் உள்ள முகவரியிலிருந்து வேறானால் அதற்கொரு சான்று. அவ்வளவுதான். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தர வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் முப்பது நாள் வரை இழுக்கும். கிடைக்கும் எண் 14 இலக்கம் கொண்டது. பதிவு எண் 2-இல் தொடங்கும், உரிமம் 1-இல் தொடங்கும். மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கும்போது அவரது எண்ணைக் கேட்டு வாங்கி, அதே தளத்தில் போட்டுப் பாருங்கள். காலாவதியான எண்ணை அச்சடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது தண்ணீரை. நம் பக்கத்துக் கிணற்று நீர் உவர்ப்பு. மீன் கழுவக் குடிநீர்த் தரத்தில் உள்ள நீரைத்தான் பயன்படுத்துகிறீர்கள் என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து காயவைக்கும் இடம். மணலில் பரப்பிய நெத்திலி எவ்வளவு அலசினாலும் பல்லில் நறநறக்கும். வாடிக்கையாளர் ஒருமுறை கடித்தால் போதும், மறுமுறை வரமாட்டார். இடுப்பு உயரத்துக்குக் கம்பு நட்டு, வலை கட்டி, அதன்மேல் காயவையுங்கள். நாய் ஏறாது, மணல் ஒட்டாது, அடியிலும் காற்றுப் படுவதால் சீக்கிரம் காயும்.

கருப்பட்டியில் வரும் தொல்லை கலப்படம். பதநீர் குறைந்த நாளில் வெள்ளைச் சர்க்கரையைச் சேர்த்துக் காய்ச்சுகிறவர்கள் உண்டு. செய்தவர் யாராக இருந்தாலும் பொட்டலத்தில் உங்கள் பெயர் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். காய்ச்சும் இடத்துக்கே போய்ப் பார்த்து வாங்குங்கள். பெரிய அளவில் எடுக்கும்போது ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. உத்யம் பதிவு, நடப்புக் கணக்கு

உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் போதும். உட்கார்ந்த இடத்தில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது, ஒரு பைசாகூடக் கிடையாது. தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் அரசுத் தளம் போலவே ஜோடிக்கப்பட்ட தனியார் தளங்கள். முகவரியின் முடிவில் அரசுக்குரிய ‘ஜிஓவி டாட் ஐஎன்’ இல்லை என்றால் மூடிவிடுங்கள்.

உத்யம் சான்றும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கையில் இருந்தால் வங்கியில் தொழில் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கலாம். தனிநபர் தொழிலுக்கு, தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள், அதற்கு இவை இரண்டும் சரியாகப் போகும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு என்று முன்பே கேளுங்கள், அது வங்கிக்கு வங்கி வேறுபடும். வீட்டுச் செலவுக்கான சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணத்தைக் கலக்காதீர்கள். முன்பின் தெரியாத யாரோ அனுப்பிய பணம் மோசடிப் பணமாக இருந்து கணக்கு முடக்கப்பட்டால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அதோடு சேர்ந்து முடங்கும்.

5. ஜிஎஸ்டி: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

இதில்தான் குழப்பம் அதிகம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரி விதிக்கப்படும் பொருளை மாநிலம் தாண்டி அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு கிலோ போனாலும் இதே விதிதான்.

கருப்பட்டியைச் சில்லறையாக எடைபோட்டுத் தந்தால் வரி இல்லை. அதையே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம் வரி. இணையத்தில் விற்பது எல்லாம் பொட்டலம்தானே, ஆகவே வெளிமாநில ஆர்டர் எடுப்பவர்களுக்கு ஜிஎஸ்டி தவிர்க்க முடியாதது. கையால் முடைந்த ஓலைப் பெட்டி, பாய் போன்ற கைவினைப் பொருட்களை மட்டும் நேரடியாக விற்பவர்களுக்கு, வெளிமாநிலத்துக்கு அனுப்பினாலும் 20 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. பான் எண்ணும், சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லும் வேண்டும்.

பதிவுக்குக் கட்டணம் இல்லை. பான், ஆதார், புகைப்படம், வங்கிக் கணக்கு விவரம், இடத்துக்கான சான்று ஆகியவையே ஆவணங்கள். ஆதார் சரிபார்ப்பை முடித்துவிட்டால் பொதுவாக ஏழு வேலைநாளுக்குள் எண் வந்துவிடும், முடிக்காவிட்டால் முப்பது நாள் வரை காத்திருக்க நேரும். வந்ததும் சான்றிதழை வீட்டில் தொழில் நடக்கும் இடத்தில் மாட்டுங்கள், வாசலில் பெயர்ப்பலகையில் எண்ணை எழுதுங்கள். சிறிய பலகை போதும், ஆனால் இருந்தாக வேண்டும்.

எண் வாங்கிய பிறகுதான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால், விற்பனை இல்லாத கணக்குக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் கருவாடு காயாது, சரக்கு இருக்காது, நாமும் அந்தப் பக்கம் திரும்பமாட்டோம். ஆண்டு முடிவில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் நிற்கும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுங்கள், தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். தணிக்கையாளரிடம் கொடுப்பதாக இருந்தால் பதிவுக்கான கூலியை மட்டும் பேசாமல், ஆண்டுக் கட்டணத்தையும் முதலிலேயே பேசி முடியுங்கள்.

6. லேபிள்

லேபிளைத் தமிழில் மட்டும் அச்சடித்தால் செல்லாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. கூடுதலாகத் தமிழில் போடத் தடையில்லை, கட்டாயம் போடுங்கள். இது தெரியாமல் ஆயிரக்கணக்கில் பை அச்சடித்து மூலையில் போட்டிருப்பவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள்.

லேபிளில் பொருளின் பெயர், சேர்மானம், நிகர எடை, தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவர் பெயரும் முழு முகவரியும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணும் அதன் இலச்சினையும், தொகுதி (பேட்ச்) எண், தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம் என்பது, எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை கண்டிப்பாக இருக்க வேண்டும். அலகு விலையும் வேண்டும். 250 கிராம் பொட்டலம் 150 ரூபாய் என்றால், கிராமுக்கு 60 காசு என்று அதையும் எழுத வேண்டும். கருப்பட்டிக்குப் பச்சை வட்டம். கருவாட்டுக்குச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். பழைய வடிவமைப்புகளில் பழுப்பு வட்டம் இருக்கும், அச்சகத்தார் அதையே எடுத்துப் போட்டுவிடுவார், சரிபாருங்கள். மீன் ஒவ்வாமை தரும் உணவுப் பட்டியலில் இருப்பதால் ‘மீன் உள்ளது’ என்ற அறிவிப்பும் வேண்டும். தவறான லேபிளுக்கு அபராதம் மூன்று லட்சம் ரூபாய் வரை போகலாம்.

முதல் அச்சில் நூறு ஒட்டுத்தாள் மட்டும் போடுங்கள். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு பையாக அச்சடிக்கலாம்.

பொட்டலமிட்டு விற்பவர் எடையளவுச் சட்டப்படி தனியாகப் பதிய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கட்டணம் 500 ரூபாய், பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. மின்னணுத் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும், அதற்கும் அதே துறைதான்.

இதுவரை சொன்னதைக் கூட்டிப் பாருங்கள். உணவுப் பதிவு ஓராண்டுக்கு 100, பொட்டலப் பதிவு 500. தராசு முத்திரை போக அரசுக்குக் கட்டுவது 600 ரூபாய்தான். “எல்லாம் முடித்துத் தருகிறேன்” என்று யாராவது பல ஆயிரம் கேட்டால் இந்தக் கணக்கை அவர் முன் வையுங்கள். பிராண்ட் பெயரை வணிகக் குறியாகப் பதிவதாக இருந்தால் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். கருவாடு 29-ஆம் வகுப்பு, கருப்பட்டி 30-ஆம் வகுப்பு, ஆக இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். முதல் ஆண்டில் இது அவசியமில்லை.

7. பொட்டலமும் பார்சலும்

பொட்டலமிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பிடி கருவாட்டை நிறமில்லாத உறையில் போட்டு வாயை ஒட்டி, அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். உறையின் உட்பக்கம் பனி படர்ந்தாற்போல நீர் கோத்தால் அது இன்னும் காயவில்லை. அப்படியே அடைத்தால் வழியிலேயே பூஞ்சை பிடிக்கும். வலைமேல் இன்னொரு நாள் கிடக்கட்டும்.

பாறை, திருக்கை போன்ற மீன்களின் முள் காற்று நீக்கிய உறையைக் குத்திக் கிழிக்கும். தலை, துடுப்பு, வால் நுனியை நறுக்கி, உணவுக்கேற்ற தடித்த காகிதத்தில் சுற்றிய பிறகே உறைக்குள் வையுங்கள். அதற்குமேல் இன்னோர் உறை. கருப்பட்டிக்கு எதிரி ஈரக்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்தால் ஒரே இரவில் கசியத் தொடங்கும். வெண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத உறையில் போடுங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்லி வாடிக்கையாளர் கேட்பார். சம்மதிக்காதீர்கள். கருவாட்டு மணம் ஏறிய கருப்பட்டியைக் காபியில் போட முடியாது.

தனியார் கூரியரில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டியின் அளவுக்கும் வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 40, 30, 20 அளவுள்ள பெட்டி 4.8 கிலோ என்று கணக்காகும், உள்ளே இருப்பது இரண்டு கிலோதான் என்றாலும். ஆகவே பொருளை அளந்து பெட்டி வாங்குங்கள். ஸ்பீட் போஸ்ட் கூரியர் போகாத கிராமத்துக்கும் போய்ச் சேரும் என்பதால் நான் அதையே முதலில் பார்ப்பேன். உள்ளே என்ன என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மணம் வெளியேறாத, கசியாத பெட்டி என்று அவர்களுக்கே தெரிந்தால் அடுத்த முறை கேள்வி இருக்காது. திங்கள், செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது ஞாயிறு முழுக்க எங்கோ ஒரு கிடங்கின் வெக்கையில் கிடக்கும்.

8. பணம் வாங்குவது

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் முறை வேண்டாம். வாங்க மறுத்தால் போக்குவரத்துக் கூலி இரண்டு வழிக்கும் உங்கள் தலையில் விழும், திரும்பி வரும் கருவாடும் விற்கும் நிலையில் இருக்காது.

பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். “தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்” என்று அவசரப்படுத்துகிறவர் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் வாங்க ரகசிய எண்ணை எங்கும் அழுத்தத் தேவையில்லை. ‘மொத்தமாக வாங்குகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று வரும் ஆர்டர்கள் எல்லாம் வலை. ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்புண்டு.

வருமான வரியில் சிறு வியாபாரிக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது. வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டலாம்.

9. புகாரும் பருவமும்

புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகப் பதில் சொல்லவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் இணைய வணிக விதிகள் சொல்கின்றன. திருப்பி எடுப்பீர்களா மாட்டீர்களா என்பதை விற்பதற்கு முன்பே எழுத்தில் போட்டுவையுங்கள். பொட்டலத்தை மூடும்போது எடை தெரியும்படி ஒரு சிறு வீடியோ எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், கருவாட்டு விலை ஏறும். மாசி, பங்குனியிலேயே இருப்பு வைத்தவர்களே அந்த இரண்டு மாதத்தில் பழைய விலைக்கு ஆர்டர் எடுக்க முடியும். கருப்பட்டிக்கு நேர்மாறு. பதநீர் இறங்குவது அந்தக் கோடையில்தான், அப்போது வாங்கி வைப்பதுதான் மழைக்கால விற்பனைக்கு. ஆகவே தொடங்க நினைப்பவர்கள் மார்கழியில் ஆவண வேலையைத் தொடங்கினால், தை முடிவதற்குள் பதிவு எண்கள் கைக்கு வரும், மாசியில் கருவாடு, சித்திரையில் கருப்பட்டி என்று சரக்கு எடுக்கச் சரியாக இருக்கும். பதிவு முடியும் தேதி, தராசு முத்திரை வைக்கும் தேதி, ஜிஎஸ்டி தாக்கல் தேதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பொட்டலமிடும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.